மாதா படத்துக்குப் பின்னால்

புதன்கிழமை காலை யோசெப்பின் உள்ளே கட்டிலோடு இருந்த கேம்பர் வானின் கதவைத் திறந்ததும் நேரே சுவரைத்தான் பார்த்தாள். இரவு முழுவதும் மழை. சுவரில் மாட்டியிருந்த மடுக் கோயில் மாதா படத்தின் கீழ்ச் சட்டத்தில் நான்கு துளிகள் வரிசையாகத் தொங்கின. ஐந்தாவது துளி அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரண்டு மெத்தையில் விழுந்தது.

“இஞ்சாருங்கோ, திரும்பவும் ஒழுகுது.”

வெளியே கூரையில் சாத்திய ஏணியில் நின்ற அவள் புருஷன் அருமைராசா கீழே இறங்கக்கூட இல்லை. “அது பழைய ஈரம். காஞ்சு போகும்.”

மூன்று வாரமாக இதே பழைய ஈரம்தான். அருமைராசா துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் சுமை தூக்குகிற ஃபோர்க்லிப்ட் ஓட்டியவர். தன்னால் அடைக்க முடியாத ஓட்டை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வராது. கூரையில் காற்றுப் போகிற மூடியைச் சுற்றிச் சிலிக்கன் பசை, யன்னலைச் சுற்றிச் சிலிக்கன், தகடு சேருகிற மூலையெல்லாம் சிலிக்கன். மேலேயிருந்து பார்த்தால் கூரை பிறந்தநாள் கேக் மாதிரி இருந்தது. தண்ணீர் மட்டும் எந்த மரியாதையும் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது.

யோசெப்பினுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடமாகிறது. வயிற்றில் ஒரு குழாய். நாளுக்கு நான்கு தடவை அந்தக் குழாய் வழியாகப் பழைய தண்ணீரை வெளியே எடுத்து, புது மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். இந்த இரண்டு வருடத்தில் அவள் மொன்ட்ரியால் தீவை விட்டு ஒரு பாலம்கூடத் தாண்டவில்லை. ஒன்ராறியோவில் வெட்டவெளியில் நடக்கிற மாதா திருவிழாவுக்குச் சனம் பஸ் பஸ்ஸாகப் போனபோது, மொன்ட்ரியால்-நோர்ப் பகுதியில் இருந்த வீட்டின் மூன்றாம் மாடி யன்னலில் நின்று கை காட்டினாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அருமைராசா முப்பது வயதான இந்த வானை வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். ஆஸ்பத்திரி அறை மாதிரி ஒரு மூலையை உள்ளே அவளுக்கென்று ஒதுக்கினார். வெள்ளிக்கிழமை மதியம் புறப்பாடு.

ஆனால் கிளினிக் நேர்ஸ் ஒரு கட்டளை போட்டிருந்தாள். வியாழன் ஐந்து மணிக்கு முன் அந்த மூலையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஈரமோ பூஞ்சணமோ கண்டால் பயணம் கிடையாது. போன வசந்தத்தில் வயிற்றில் கிருமி பிடித்துப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் யோசெப்பின். இன்னொரு தடவை அப்படி நடந்தால் குழாயைக் கழற்றிவிடுவார்கள். பிறகு காலம் முழுக்கக் கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் கழுவுகிற மெஷினோடு கட்டிப்போட்ட வாழ்க்கைதான்.

“அந்தப் படத்தைக் கழட்டிப் பாத்தால் என்ன?” என்று கேட்டாள்.

அருமைராசா ஏணியில் நின்றபடியே மெதுவாகச் சொன்னார். “பாதர் மந்திரிச்சுத் தந்த படம். வேற எதையும் சொல்லும், செய்யிறன். அதிலை மட்டும் கை வைக்கச் சொல்லாதையும்.”

எல்லாம் அக்னெஸ் அக்காவின் வேலை. அக்னெஸ் அக்கா பங்குக் கோயிலில் செபமாலைக் குழுவை நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை வானுக்குள் ஏறி வந்தவர் படத்தின் துளிகளைக் கண்டதும் அப்படியே முழந்தாளில் விழுந்துவிட்டார். “பிள்ளை, மாதா உனக்காக அழுறா! ஒருத்தரும் தொடப்படாது!” அன்று மாலைக்குள் அது வாட்ஸப்பில் ஊர் சுற்றி முடிந்தது. திங்களும் செவ்வாயும் பத்துப் பேர் மெழுகுதிரியோடு வந்தார்கள். ஒருத்தி பஞ்சில் துளியை ஒற்றிக்கொண்டு போனாள்.

யோசெப்பின் சிரித்துத் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. எல்லோரும் போன பிறகு அவளும் விரலில் ஒரு துளி எடுத்து நெற்றியில் சிலுவை போட்டாள். அழுகிற மாதா அவளைக் கைவிடுவாளா? ஒருவேளை ஒருநாள் காலையில் எழும்பும்போது இந்தக் குழாய் தேவைப்படாமல் போனால்? அந்த ஆசை எவ்வளவு பொல்லாதது என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. அது கண்ணீர் என்றால் அவள் காத்திருக்கலாம். ஒழுக்கு என்றால்தான் அடைத்துவிட்டுப் புறப்படலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது.

அருமைராசா புது சிலிக்கன் வாங்கக் கடைக்குப் போனார். யோசெப்பின் படத்துக்கு முன்னால் நின்றாள். வயிறு பலமாக இருக்கிற மனுஷிகூடச் செய்யாத வேலை இது என்று தெரிந்தும், ஒரு துளியை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

உப்பு இல்லை.

இரண்டு வருடமாக உப்பில்லாத கறியைத் தின்கிறவள் அவள். உப்பு ஒரு மணல் அளவு இருந்தாலும் அவளுடைய நாக்கு எழும்பி நின்று சொல்லும். நாக்கில் பட்டது தகரமும் பழைய பலகையும்தான். யோசெப்பின் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்து, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, லாச்சியை இழுத்துத் திறந்து ஸ்குறூ கழற்றுகிற திருப்புளியை எடுத்தாள்.

“மன்னிச்சுக்கொள்ளும் தாயே, எனக்குத் திருவிழாவுக்குப் போகவேணும்.”

நான்கு மூலையிலும் நான்கு ஸ்குறூ. ஒவ்வொன்றும் கழற்றக் கழற்ற முடிவில்லாமல் நீளமாக வந்தது. மூன்று அங்குலம். மேலே இருந்த இரண்டும் நுனிவரை துருப்பிடித்திருந்தன. படத்தை இறக்கியதும் பின்பக்கச் சுவர் கன்னங்கரேலென்று இருந்தது. விரலால் அழுத்தினாள். தேத்தண்ணீரில் நனைந்த பாண் துண்டு மாதிரி உள்ளே போனது.

அருமைராசா திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் கண் படத்துக்குப் போகவில்லை, அவள் கையில் இருந்த ஸ்குறூவுக்குப் போனது. படத்தை மாட்டியவர் அவர்தான். நெடுஞ்சாலைக் குலுக்கலில் மாதா விழுந்துவிடக்கூடாது என்று கடையில் இருந்ததிலேயே நீளமானதைத் தேடி வாங்கினார். வான் சுவரோ இரண்டு அங்குலம்கூட வராது. ஸ்குறூ தகட்டைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. வெளியே அந்த இடத்தில் வெயிலுக்கு இழுத்துவிடுகிற பந்தல் துணி சுருட்டிக் கிடந்தது. அதற்குப் பின்னால் ஒருவரும் பார்க்கவில்லை.

“மூண்டு கிழமையா கூரையிலை ஏறி நிண்டியள். இதைப் பாக்கவேணும் எண்டு ஒருக்காலும் தோன்றேல்லையா?” அவள் ஸ்குறூவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “தோன்றினது. அக்னெஸ் அக்கா சொல்ல முந்தியே தோன்றினது. ஆனா பாத்தா அது ஒழுக்கெண்டு தெரிஞ்சிடுமே. உமக்கு ஏதாவது அற்புதம் நடக்கும் எண்டு நானும் கொஞ்சம் நம்பியிருந்தன், யோசெப்பின்.”

அதற்குப் பிறகு அவளால் அவரைத் திட்ட முடியவில்லை.

அவளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு அருமைராசா ஊறிய பலகையையும் உள்ளே இருந்த பஞ்சையும் வெட்டி எடுத்தார். ஒரு பெரிய கறுப்புப் பை நிறைந்தது. வெளியே பந்தல் துணியை இறக்கி, நான்கு துளையையும் சுரண்டித் துடைத்து, சிலிக்கனை மறந்துவிட்டு, கூரைக்காரர் பாவிக்கிற பிசின் பட்டியை வைத்து அழுத்தி, மேலே தகடு அடித்தார். ஒரு நாள் முழுக்க இரண்டு மின்விசிறியும் ஈரம் உறிஞ்சுகிற மெஷினும் ஓடின. சுவருக்குள் எலும்பு மாதிரி நின்ற மரக்கட்டை ஈரம் போய் வெளுத்தது.

வியாழன் இரண்டு மணிக்குச் சோதனை. அருமைராசா வெளியே ஹோஸ் பைப்போடு நின்றார். யோசெப்பின் உள்ளே டோர்ச்சோடு, திறந்து கிடந்த சுவருக்கு முன்னால் முகமூடியோடு இருந்தாள். கீழேயிருந்து தொடங்கி ஒவ்வொரு இடத்திலும் ஐந்து ஐந்து நிமிடம் தண்ணீர் அடித்து மேலே போக வேண்டும். ஒரேயடியாக மேலே அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது.

“இப்ப?”

“இல்லை.”

“இப்ப?”

தகட்டில் தண்ணீர் மோதுகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கட்டையில் ஏதோ மினுங்கியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு விரலை வைத்தாள். ஆணித் தலை. காய்ந்திருந்தது.

“ஏன் பேசாமல் நிக்கிறீர்? வருதா?”

“இல்லையப்பா, இன்னும் அடியுங்கோ!”

இருபத்தைந்து நிமிடம். ஒரு சொட்டு வரவில்லை. புதுப் பலகையை அடித்து முடிக்க நாலேகால். படம் எடுத்து அனுப்ப நாலே முக்கால். நேர்ஸ் உடனே பதில் போடவில்லை. ஐந்து அடித்தது. ஐந்தரை ஆனது. அருமைராசா ஒரே தேத்தண்ணீரை மூன்று தரம் சூடாக்கினார். ஆறு மணிக்குப் போன் மினுங்கியது. நல்ல பயணம், முகமூடியை மறக்காதே என்று எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை புறப்படுகிற நேரத்துக்கு அக்னெஸ் அக்கா மெழுகுதிரியோடு வந்தார். வெறும் பலகையைப் பார்த்து முகம் கறுத்துவிட்டது. “மாதா எங்கை? அற்புதத்தை அடைச்சுப்போட்டியே, பிள்ளை!”

“மாதா முன் சீற்றிலை இருக்கிறா அக்கா, பெல்ட் போட்டு. ஒழுக்கைத்தான் அடைச்சனாங்கள்,” என்றாள் யோசெப்பின். “உங்கடை நேர்த்தி ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ, அங்கை சொல்லி மன்றாடுறன்.” அக்கா முறைத்தபடி நின்றுவிட்டு, கடைசியில் மெழுகுதிரியை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வந்தபோது வானம் இருண்டது. தீவின் மேற்கு முனை, அதற்கப்பால் பாலம். வான் பாலத்தில் ஏறவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. கூரையில் சரளைக் கல் விழுகிற சத்தம். பின்னால் பெல்ட் போட்டிருந்த யோசெப்பின் உள்ளங்கையைப் புதுப் பலகையில் ஒட்டிவைத்துக்கொண்டாள். யன்னலுக்கு வெளியே ஆறு பின்னால் போனது. இரண்டு வருடம். தீவு முடிந்துவிட்டது.

அவள் கையின் பின்புறத்தில் ஒரு துளி விழுந்தது.

சட்டென்று அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது. சுவரும் காய்ந்திருந்தது. இன்னொரு துளி விழுந்தது.

கண்ணாடியில் அவளைக் கண்டுவிட்ட அருமைராசா முன்னாலிருந்து கத்தினார். “என்ன, நனையுதா? நிப்பாட்டட்டா?”

யோசெப்பின் கையை வாயருகே கொண்டுபோய் நாக்கால் தொட்டாள்.

“நிப்பாட்டாதேங்கோ,” என்றாள். “இது உப்பு.”