வெள்ளைப் பாறைக்கு ஒரு விளக்கவுரை

பூகோள வாத்தியார் முப்பத்திரண்டு வருஷம் கடற்கரைகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர். கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வளைகுடா வரைவார். கப்பலில் மட்டும் ஏறியதில்லை. ஓய்வு பெற்ற கையோடு பள்ளித் தோழர்கள் இருவர், பல் டாக்டரும் தையல்கடைக்காரரும், மூன்று நாள் உல்லாசக் கப்பலுக்கு அவரை இழுத்து வந்துவிட்டார்கள்.

"வழிநெடுக நீதான் விளக்கணும். அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தோம்," என்றார் டாக்டர்.

கரையின் அழகைப் பார்க்க வந்த நானூறு பேரில் முந்நூறு பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் அவர்கள் முகமும் கரையும் ஒரே படத்தில் விழும். மிச்சப் பேர் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள். ஒலிபெருக்கி 'வலது பக்கம் பாருங்கள்' என்றதும் தட்டும் கையுமாக ஓடிவந்து இடது பக்கம் பார்த்து, "அடேயப்பா!" என்றார்கள்.

முதல் நாள் மத்தியானம் கரையில் வெள்ளை வெளேரென்று ஒரு குன்று தெரிந்தது. வாத்தியாருக்கு வாய் நிற்கவில்லை.

"சுண்ணாம்புப் பாறை! கடல் பிராணிகளோட ஓடெல்லாம் படிஞ்சு படிஞ்சு உண்டானது."

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. நீலத் தொப்பி போட்ட அம்மாள் முண்டியடித்து முன்னால் வந்தார்.

"உச்சியில ஒரு முகம் மாதிரி தெரியுதே சார்?"

"அது காத்து செதுக்கினதும்மா."

"எத்தனை வருஷமா?"

"பன்னிரண்டாயிரம்." அந்த எண் அவரைக் கேட்காமலே வாயிலிருந்து விழுந்தது.

அந்தப் பக்கமாக வந்த கப்பலின் துணை அதிகாரி, வெள்ளைச் சீருடை போட்ட பெண், நின்று கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்: "சார், அது சிமெண்டு ஆலையோட கழிவு மேடு. நாலு வருஷம் முன்னால நான் வேலைக்குச் சேர்ந்தப்போ அங்கே ஒண்ணுமே இல்லை."

வாத்தியாரின் முகம் சுண்டிப்போனது. ஆனால் நீலத் தொப்பிக்காரருக்குக் கோபம் வந்தது அதிகாரி மேல்தான்.

"சார் எவ்வளவு அழகா சொல்லிட்டிருக்கார், நடுவுல வந்து கெடுக்கறீங்களே!"

"நான் பன்னிரண்டாயிரம்னு போட்டு எல்லாருக்கும் படம் அனுப்பியாச்சு," என்றார் இன்னொருவர், இனி அதை மாற்ற முடியாது என்கிற தோரணையில்.

அதிகாரி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அறைக்குள் வாத்தியார் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். "இப்படி எழுதின பசங்களுக்கெல்லாம் நான் முட்டை போட்டிருக்கேன்டா."

"விடுடா," என்றார் தையல்கடைக்காரர். "தோள் இறங்கித் தைச்ச சட்டையைக்கூட, உங்களுக்குக் கச்சிதமா இருக்குன்னு சொல்லிக் கொடுத்தா போட்டுட்டுத்தான் போறாங்க."

ஆறுதல் சொன்னதாக நினைத்துக்கொண்டார். வாத்தியாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை மேல்தளத்துக்குப் போனால், நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது. வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"நேத்து நான் சொன்னது தப்பு. அது சிமெண்டு மேடுதான். தெரியாம உளறிட்டேன்."

நீலத் தொப்பிக்காரர், "படிச்சவங்களோட அடக்கத்தைப் பாருங்க!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இனி இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று வாத்தியார் நேரே கம்பியோரம் நின்ற துணை அதிகாரியிடம் போனார்.

"மன்னிச்சுக்கணும் மேடம். என்னால உங்களுக்குத்தான் பேச்சு."

அவர் சிரித்துவிட்டார். "இந்தக் கரையோரமா நூறு தடவைக்கு மேல போயிருக்கேன் சார். சாப்பாடு எப்போன்னு தவிர யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை."

"நான் கேக்கறேன். அதோ கறுப்பா நீட்டிட்டு நிக்குதே, அது என்ன?"

அதிகாரி கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைக் கழற்றி நீட்டினார். "அது நிஜப் பாறை. அங்கே நீரோட்டம் சட்டுனு திரும்பும். பாத்து ஓட்டலைன்னா கப்பலை இழுத்துட்டுப் போயிடும். அதனாலதான் இவ்வளவு தள்ளிப் போறோம்."

புத்தகத்தில் அம்புக்குறியாக மட்டுமே பார்த்த நீரோட்டம் பாறையைச் சுற்றி நுரையோடு சுழன்றது. பாறையின் இடுக்கெல்லாம் பறவைகள். வாத்தியார் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

"சார், அந்தப் பாறையைப் பத்தி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

"எனக்குத் தெரியாதும்மா. கேட்டுட்டிருக்கேன்."

கூட்டம் ஏமாந்துபோய் முணுமுணுத்தது. அதற்குள் தளத்தின் மறுகோடியிலிருந்து பல் டாக்டரின் குரல் கணீரென்று கேட்டது: "அந்தக் கறுப்புப் பாறையை நல்லாப் பாருங்க, சொத்தை விழுந்த கடவாய்ப்பல்லேதான்! ஏன்னு சொல்றேன், வாங்க."

நாற்காலிகள் தரையில் கரகரவென்று இழுபட்டு அந்தப் பக்கம் போயின. வாத்தியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பறவைங்க குளிர் காலத்துலயும் இங்கேயேதான் இருக்குமா மேடம்?" என்று கேட்டார்.