டிரைவருக்குப் பத்தியம்

டேனியலின் கைக்கும் வாய்க்கும் நடுவில் எஸ்தர் பாய்ந்தாள். மட்டன் துண்டோடு மேலே வந்த முதல் கவளத்தை ஒரு கையால் பாதியில் தடுத்தாள். மறு கையால் பிரியாணிப் பொட்டலத்தைச் சுருட்டிப் பிடுங்கித் தன் பைக்குள் தள்ளி, ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"அடிப்பாவி, புருஷன் வாயில போற சோத்தையா புடுங்குவ?" வேன் ஜன்னலிலிருந்து கிருஷ்ணவேணி தலையை நீட்டினாள். பொட்டலம் அவள் கொண்டுவந்தது. அவள் அக்கா பேரன் காதுகுத்து விருந்தில் கட்டியது.

"நீ சும்மா இரு அக்கா. மதியத்துல இவருக்குக் கறிசோறு கெடையாது."

ஒரகடம் கம்பெனிக்குப் போகும் இரண்டாம் ஷிப்ட் வேன் அது. ஓட்டுவது டேனியல். அவன் மனைவி எஸ்தருக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. டிரைவருக்குப் பக்கத்து சீட் அவளுடையது. வயிறு முட்டத் தின்றுவிட்டு உச்சி வெயிலில் ஸ்டியரிங் பிடித்தால் அவன் இமை எப்படிக் கனக்கும் என்று அவளுக்குத் தெரியும். பின்னால் இருக்கும் பெண்களோ ஏறியதும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குகிறவர்கள்.

எஸ்தர் ஏனாத்தூர்ப் பக்கம் ஓர் ஆயுர்வேத டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தாள். அன்றிலிருந்து இராத்திரியில் தயிர் நின்றது. படுக்குமுன் அவன் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்து, போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மதியத்துக்குப் பச்சைப்பயறுக் கஞ்சி, சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர். அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், மிச்சக் கால் காலியாகவே இருக்கட்டும் என்பது டாக்டரம்மா கணக்கு.

"காலியா வெக்கறதுக்கா இப்பிடி உழைக்கிறேன்?" என்பான் டேனியல்.

ஒரு மாதம் பார்ப்பது. அப்புறமும் கண் சொருகினால் ஸ்டியரிங்கையே விடச் சொல்லிவிடுவது. எஸ்தர் முடிவு செய்துவிட்டாள்.

இன்று அவனும் விடுவதாக இல்லை. சாவியை உருவிக்கொண்டு புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தான். "பொட்டலம் வந்தாத்தான் வண்டி நவுரும்."

"ஷிப்ட்டுக்கு லேட்டாவுது எஸ்தரு. ஒரு நாள் துன்னா இன்னா ஆயிடப் போவுது?" என்றாள் கிருஷ்ணவேணி.

எஸ்தர் கஞ்சித் தூக்கோடு மரத்தடிக்குப் போனாள்.

"குடிப்பா."

"மாட்டேன். எனக்கு இன்னா நோவு, சொல்லு. சுகரா? பிரஷரா?"

"நோவு இல்ல. துன்னா உனக்குத் தூக்கம் வருது."

"எனக்கா?" டேனியல் சிரித்தான். "போன மாசம் முசரவாக்கம் வளைவுல தண்ணி லாரி நேரா வந்துக்கினு இருந்துச்சே. நூல் அளவுல தப்பிச்சோம். தூங்கறவன் அப்பிடி ஒடிப்பானாமா ஸ்டியரிங்கை?"

எஸ்தர் வேனைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலெல்லாம் காதுகள். ஒரு வார்த்தை கசிந்தால் போதும், சாயங்காலமே டிராவல்ஸ் ஓனர் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார். இத்தனை நாளாக அவள் தன் வாயைக் கட்டியிருந்தது அதற்காகத்தான்.

அவன் காதோரம் குனிந்தாள்.

"நீ ஒடிக்கலப்பா. உன் கண்ணு மூடி இருந்துச்சு. எட்டிப் புடிச்சு ஒடிச்சது நானு."