கல் இருந்த பக்கம்

மாடு செத்த பத்தாம் நாள், வெயில் ஏறுகிற நேரத்தில், வரப்பின்மேல் இரண்டு குடைகள் சேர்ந்து வருவதைப் பங்காரு பார்த்தான். ஒரு குடை மட்டும் வந்தால் அது தண்ணீர் பார்க்க வருகிற குடை. இரண்டும் சேர்ந்து வந்தால் கேள்வி வருகிறது என்று அர்த்தம். சரிவில் இறங்கிய மாடுகளைப் பின்னுக்கு நடத்திக்கொண்டே, கிணற்றின் இரண்டு கல்தூண்களில் மேற்குத் தூணின் மாடக்குழியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். கூழாங்கல் அங்கேதான் இருந்தது.

திருத்தணி மலைக் கோயிலின் மணி காதில் விழுகிற தூரத்தில் இருந்தது அந்தக் கிணறு. கிழக்கே இருக்கிற நிலம் கஜபதியுடையது, மேற்கே இருப்பது ஏசுவடியானுடையது, கிணறு இருவருக்கும் பொது. அவர்களைப் பெற்ற மகராசர்கள் இந்தக் கிணற்றுக்காகச் சித்தூர் கோர்ட்டுக்குப் பன்னிரண்டு வருஷம் நடந்து, தீர்ப்பு வருவதற்குள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் இருவரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இனி நமக்குள் எது வந்தாலும் வார்த்தை தடிக்கக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டார்கள். ஏசுவடியான் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தார். கஜபதி மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஒருவருக்கு ஒருவர் பாவாதான், மச்சான் முறை. கிறிஸ்துமஸ் பலகாரம் இந்த வீட்டுக்கு வரும், கிருத்திகைப் பிரசாதம் அந்த வீட்டுக்குப் போகும். கிணற்றில் வடம் கட்டித் தண்ணீர் இழுக்கிற கவலை மாட்டு ஜோடியில்கூட ஒரு மாடு இவருடையது, ஒரு மாடு அவருடையது. இப்படி ஒரு சிநேகிதம் உண்டா என்று சந்தையில் நாலு பேர் பேசுவதைக் கேட்டு இருவருக்கும் உள்ளுக்குள் பெருமை வழியும்.

சத்தியம் செய்வது ஒரு நாள் வேலை. காப்பாற்றுவது தினசரி வேலை. அந்த வேலையையும் மற்ற வேலைகளோடு சேர்த்து, இரண்டு நிலத்துக்கும் பொதுவான பண்ணையாள் பங்காருவின் தலையில் கட்டிவிட்டார்கள். விதைப்பது கார்த்திகையிலா மார்கழியிலா, வாய்க்காலை எந்தப் பக்கம் திருப்புவது, புளியமரத்து உலுப்பல் யாருக்கு, எதுவானாலும் குரல் கொஞ்சம் உயர்ந்ததும் இருவரும் சட்டென்று நிறுத்திக்கொள்வார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு அவன் பக்கம் திரும்புவார்கள். “நீ சொல்லுடா பங்காரு. நீ இன்னா சொல்றியோ அதான்.”

முதல் வருஷம் அவன் நிஜமாகவே யோசித்துச் சொன்னான். யோசித்ததில் மூன்று முறை தொடர்ந்து நியாயம் கஜபதி பக்கமே விழுந்துவிட்டது. ஏசுவடியான் முகம் சுளிக்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு வர வேண்டிய வேட்டி மட்டும் வரவில்லை. பங்காரு புரிந்துகொண்டான். தண்ணீருக்கு முறை இருக்கிற மாதிரி நியாயத்துக்கும் ஒரு முறை வைத்தான். ஆற்றில் கிடந்த ஒரு கறுப்புக் கூழாங்கல்லைக் கொண்டுவந்து கிழக்குத் தூணின் மாடத்தில் போட்டான். கல் கிழக்கே இருந்தால் கஜபதி சொல்வது சரி. சொல்லி முடித்ததும் கல் மேற்கே போய்விடும். அப்புறம் ஏசுவடியான் சொல்வதுதான் சரி. பதினாலு வருஷம் இப்படியே ஓடியது. பங்காரு வாயில் தர்மம் இருக்கிறது என்று இருவரும் ஊரெல்லாம் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. அந்தக் கல்லைப் பற்றிப் பெண்டாட்டி எல்லம்மாளிடம்கூட அவன் மூச்சு விட்டதில்லை.

மாடு விஷயத்திலும் கல்தான் பேசியது.

செவலை, கஜபதியின் மாடு. இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. பங்காரு விடியலில் அதன் காதைத் தொட்டுப் பார்த்தான், சில்லென்று இருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. ஏசுவடியானின் நவரை நெல்லோ கதிர் வாங்குகிற பருவம். “ரெண்டு நாளு தண்ணி இல்லன்னா மொத்தமும் பதராப் பூடும் பாவா,” என்றார் அவர். “மாடு ஒரு மாதிரியா கீது பாவா,” என்றார் கஜபதி. யுத்த காலம், நல்ல மாடெல்லாம் பட்டாளத்துக்குக் கறியாகப் போய்க்கொண்டிருந்தது, அவசரத்துக்கு வேறு மாடு கிடைக்காது. குரல்கள் உயர்ந்தன. நின்றன. இருவரும் சிரித்தார்கள். பங்காருவுக்கு விரல் நுனியில் அந்தக் காதின் சில்லிப்பு இன்னும் இருந்தது. கல் மேற்கே இருந்தது.

“மெதுவா ஓட்டினா ஓட்டலாமுங்க,” என்றான்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால், சரிவின் பாதியில் செவலையின் முன்னங்கால்கள் மடங்கின. தண்ணீர் நிறைந்த தோல் சால் கிணற்றுக்குள் இறங்க, வடம் பின்னுக்கு இழுக்க, நுகத்தடியில் கழுத்து மாட்டியபடியே அது மேல்நோக்கி இழுபட்டது. பங்காரு வடத்திலிருந்து குதித்து அரிவாளால் அறுத்துவிடுவதற்குள் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் அழுதான். நான்தான் கொன்றேன் என்று அவனுக்குத் தெரியும். அது தெரிந்த மற்ற இரண்டு பேர் வரப்பில் நின்றிருந்தார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அடுத்த கேள்வி வந்தது. தோலை உரித்தால் சாலுக்கு ஆகும் என்றார் ஏசுவடியான். தோலோடு புளியமரத்தடியில் புதைக்க வேண்டும் என்றார் கஜபதி. கல் கிழக்கே இருந்தது. புதைக்கலாமுங்க என்று சொல்லிவிட்டுப் பங்காரு கல்லை மேற்கே நகர்த்தினான். அலைந்து திரிந்து ஒரு கிழட்டு மாட்டை இரவல் வாங்கிச் செவலையின் இடத்தில் பூட்டினார்கள். இப்போது இரண்டு குடைகளும் நெருங்கி வர வர, கஜபதியின் முறையைச் செத்த மாட்டுக்குச் செலவழித்துவிட்டோமே என்று அவனுக்கு அடித்துக்கொண்டது.

கிணற்றடியை ஒட்டித்தான் அவன் குடிசை, வேலையோடு வந்த குடிசை. மகள் தாயாரம்மாள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஒன்பது மாசம். அம்மையார்குப்பத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்று, அவள் புருஷன் வேலை தேடி எங்கோ போயிருந்தான். வீங்கிய கால்களை வாய்க்கால் தண்ணீரில் விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையில் சால் கவிழ்கிற சத்தம் கேட்டதும் வந்து உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் கால் எரிச்சல் அடங்கும்.

குடைகள் மடங்கின. ஏசுவடியான்தான் தொடங்கினார்.

“பாவா, நான் சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காத. செத்தது உன் மாடு, எனக்கே வயிறு எரியுது. வாயில்லா ஜீவனைக் கொன்னவனை வெச்சுகினு வேலை வாங்கறது எனக்கு சரியாப் படல. கனகம்மாசத்திரத்துல துளசிங்கம் கீறான். சொந்த மாட்டோட வரேங்கறான்.”

“இவன் இன்னா வேணும்னா பண்ணான்? பதினாலு வருஷமா கீறான் பாவா. இருந்துட்டுப் போவட்டும்.”

“அப்ப நான் சொல்றது தப்பா?”

“தப்புன்னு நான் எங்க சொன்னேன்?”

“பின்ன யாரு மேல தப்புங்கற?”

அவ்வளவுதான். வார்த்தை சரியாக அந்த இடத்தில் வந்து நின்றது. மாட்டை ஓட்டச் சொன்னது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும். கஜபதி குடைக்காம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் சிரித்தார்கள். “நமக்குள்ள எதுக்கு பாவா,” என்றார் கஜபதி. “அவனையே கேட்டுடலாம்.”

“ஆங், அவனே சொல்லட்டும். நீ சொல்லுடா பங்காரு.”

போவதா இருப்பதா என்று போகிறவனையே கேட்கிறார்கள். பங்காரு கஜபதியைப் பார்த்தான். ஏசுவடியானிடம், ஐயா, ஓட்டச் சொன்னது நீங்கதானே என்று தான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், கஜபதி நைனா தனக்காகப் பேசுவார் என்று நினைத்தான். கஜபதியின் கண்கள் அவனைக் கெஞ்சின. அதை அவன் நன்றாகவே படித்தான். காப்பாற்றுகிறேன் என்று அந்தக் கண்கள் சொல்லவில்லை, அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதே என்றுதான் கெஞ்சின. கல் மேற்கே இருந்தது.

“போயிடறேனுங்க,” என்றான்.

கஜபதி அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். தோள் இறங்கி, முகத்தில் ரத்தம் வந்தது. “அவனே சொல்லிட்டான். அப்புறம் இன்னா இருக்குது,” என்று வெற்றிலைப் பையை அவிழ்த்து முதல் வெற்றிலையை ஏசுவடியானிடம் நீட்டினார். அந்த வெற்றிலையைப் பார்த்தபோதுதான் பங்காருவுக்கு நெஞ்சு காந்தியது. வடத்திலிருந்து இறங்கி வந்து மாடுகளை நிறுத்தினான். தூணில் சாய்வது போலக் கை தானாக மாடத்துக்குப் போயிற்று, கல்லை எடுத்தது, இந்தப் பக்கம் வந்து கிழக்கு மாடத்தில் வைத்தது. பதினாலு வருஷப் பழக்கம். வைத்த பிறகுதான் அவன் அதைக் கவனித்தான்.

ஏசுவடியான் வெற்றிலையை மென்றபடி குடிசைப் பக்கம் பார்த்தார். ஜெயித்தவருக்கு மனசு இளகியிருந்தது. “பொண்ணுக்கு மாசம் வேற ஆயிட்டுது போலகீது. அறுப்பு முடியறவரைக்கும் இருக்கட்டும் பாவா. இருவது நாளுதானே. துளசிங்கம் சித்திரையில வந்தாப் போதும்.”

கஜபதியின் தாடை நின்றது. “வேணாம் பாவா. போறதுன்னு ஆயிட்டா இன்னிக்கே போயிடணும். தெனம் இவன் மூஞ்சியைப் பாத்துகினு இருக்க என்னால முடியாது. எனக்கு மனசு தாங்காது.”

“ஊரு நம்மள இன்னா சொல்லும்? புள்ளத்தாச்சியைத் தொரத்தினாங்கன்னு சொல்லாதா?”

“அது உனக்குத் தெரியுது. என் மனசு உனக்குத் தெரியுதா?”

“இப்ப நான் இன்னா சொல்லிட்டேன்னு நீ…”

நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், முதலில் ஏசுவடியான் சிரித்தார், பிறகு கஜபதியும் சிரித்தார். எத்தனை வருஷச் சிநேகிதம், இதற்குப் போய் முறைத்துக்கொள்வார்களா?

“பங்காரு,” என்றார் கஜபதி, தழுதழுத்த குரலில், எவ்வளவோ பிரியத்தோடு. “அதையும் நீயே சொல்லிடுடா.”

பங்காரு தூணைப் பார்த்தான். கிழக்கு மாடத்தில் கல் வெயில் பட்டு மினுத்தது. எடுத்து எறிய ஒரு கணம் போதும். யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கப் போவதில்லை. இருபது நாள் என்று சொன்னால் பேரப்பிள்ளை கூரையடியில் பிறக்கும். ஆனால் அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே பக்கம் சொல்லி அவனுக்கு வெகுகாலம் ஆகிவிட்டது. இருவரும் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சால் கவிழ்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது. வாய்க்காலின் தலைப்பில் மண் தெரியத் தொடங்கி, ஈரம் மெல்லக் கீழே நகர்ந்து போனது. குடிசை ஓரத்தில் தாயாரம்மாளின் கணுக்கால் வரை இருந்த தண்ணீர் விரல்களுக்கு இறங்கி, விரல்களையும் விட்டுப் போயிற்று. வெறும் சேற்றில் வைத்த காலோடு, தண்ணீர் ஏன் நின்றது என்று அவள் தலையை நிமிர்த்திக் கிணற்றுப் பக்கம் பார்த்தாள்.