பயனாளி நேரில் வரவேண்டும்

எங்கள் ஊர்ச் சேவை சங்கத்துக்காரர்கள் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல வாய் வராது.

அப்பா பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்ததில் நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒரு வருஷமாகப் படுக்கைதான். இடுப்புக்கு அடியில் புண் வந்துவிட்டது. கட்டுப் போட வரும் நர்ஸ் அக்கா, "காத்து மெத்தை வாங்குடி. புண்ணு எலும்பைத் தொட்டுச்சுன்னா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. உக்கார வெச்சா அரை மணி நேரம், அதுக்கு மேல கூடாது" என்றார். நான் தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள். மெத்தைக்கு எங்கே போவேன்? சங்கத்துக்கு மனு எழுதினேன்.

பத்தே நாளில் செயலாளர் போன் செய்தார். டைல்ஸ் கடைக்காரர், தங்கமான மனுஷன்.

"மெத்தை வந்தாச்சும்மா. ஞாயித்துக்கிழமை விழா. அப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க."

"சார், அவர் படுத்த படுக்கையா இருக்கார். அதுக்குத்தானே மெத்தையே கேட்டோம்?"

"புரியுதும்மா. முன்னாடி ஒருத்தன் செத்துப்போன மாமனார் பேர்ல வாங்கி வித்துட்டான். அதுலேர்ந்து பயனாளி நேர்ல வரணும்னு விதி. பத்து நிமிஷ வேலை."

சரி என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

நாலு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். மண்டபத்தில், வெள்ளை உறை போட்ட நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமலிருக்கத் துண்டால் கட்டினேன். சிறப்பு விருந்தினரைக் காணோம். அரை மணி நேரம் ஆனதும் செயலாளரிடம் ஓடினேன்.

"எங்களுக்கு மட்டும் முதல்ல குடுத்துடுங்க சார்."

"விருந்தினர் கையாலதாம்மா குடுக்கணும். கிளம்பிட்டாராம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே கோட்டு பெயிண்டுல முடிச்சுட்டு ஓடியிருக்கான் திருட்டுப் பய" என்றார். சிரிப்பு வந்தது எனக்கு.

"வீட்டுக்குப் போயிடலாமாப்பா?"

"பெரிய மனுஷங்க கூப்பிட்டிருக்காங்க, பாதியில எழுந்து போனா நல்லாவா இருக்கும்? எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலையே."

வலிக்காததுதான் ஆபத்து என்று எனக்குத் தெரியும். வெறுங்கையோடு திரும்பினால் மெத்தை வேறு யாருக்கோ போய்விடும் என்று பயந்தேன். இரண்டரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், பாவி.

விருந்தினர் வந்தார். மெத்தைப் பெட்டியை அப்பா மடியில் வைத்தார்கள். அவர் கைகூப்பினார். போட்டோவில் விருந்தினர் கண் மூடியிருந்ததாம், மறுபடி கூப்பச் சொன்னார்கள். மறுபடியும் கூப்பினார்.

தூக்கியபோது நாற்காலியின் வெள்ளை உறை சிவந்திருந்தது. செயலாளர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. உறையைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்களோடு ஆட்டோ வரை வந்தார்.

வீட்டில் நர்ஸ் அக்கா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனார்.

"எலும்பு தெரியுதுடி."

"இப்ப மெத்தை போட்டா?"

"போடு. போட்டா என்ன கெட்டுடப் போகுது" என்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போட்டோம். மோட்டார் ஓட, அப்பாவுக்குக் கீழே காற்று ஏறி இறங்கியது.

"சுகமா இருக்காப்பா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நீதான் தொட்டுப் பார்த்துச் சொல்லணும்."

அவர் முதுகுக்கு அடியில் கையை விட்டேன்.

"நல்லா இருக்குப்பா" என்றேன்.