கதவு சாத்திய பிறகு

காலையில் புருஷன் கென்சாக்கு "போயிட்டு வரேன்" என்று வாசல் கதவைச் சாத்தினால் போதும். மாடியில் நோரியேவின் பேனா ஓட ஆரம்பித்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். அவள் எழுதிய நாவல்கள் எல்லாமே அந்தக் கதவுச் சத்தத்துக்குப் பிறகு பிறந்தவை.

இந்த வசந்தத்தில் மனிதர் ஓய்வு பெற்றார். வந்தது வினை. சும்மா இருக்கிற ஆளா அவர்? மாடிப்படியடியில் நின்றுகொண்டு, "நோரியே, மிஸோ விழுது டப்பா எங்க?" என்பார். கொஞ்ச நேரத்தில், "நோரியே, சூப்புல முள்ளங்கி போடட்டுமா?" பாவம், ஆசையாகச் சமைக்கத்தான் செய்தார். ஆனால் நாவல் பாதியில் படுத்துவிட்டது. பதிப்பகத்துக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு நாள் கத்தியே விட்டாள். "நீங்க வீட்ல இருந்தா என் கதையில ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க! நான் என்ன பண்ணட்டும்?"

மறுநாள் காலை கென்சாக்கு கோட்டு, டை, கைப்பை சகிதம் வாசலில் நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஆபீசுக்கு."

"எந்த ஆபீசுக்கு?"

"உன் ஆபீசுக்குத்தான். எனக்கு அங்க வெளி வேலை குடுத்திருக்காங்க." கதவைச் சாத்தினார்.

அடேயப்பா, அன்று எழுதினாள் பாருங்கள்! கதையில் சண்டை போட்டுப் பிரிந்திருந்த அக்காவும் தங்கையும் பக்கம் பக்கமாகப் பேசித் தள்ளினார்கள். சாயங்காலம் திரும்பியவரிடம், எங்கே போனீர்கள் என்றுகூட அவள் விசாரிக்கவில்லை. எழுத்து ஓடும்போது அவளுக்கு ஊர் உலகம் கண்ணில் படாது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் ஊர் கனாசவாவில் மழை லேசில் விடாது. கதவுச் சத்தம் மட்டும் தினமும் வேளைக்குக் கேட்டது. தங்கை மன்னிப்புக் கேட்கும் இடம் வந்தபோது நோரியேவுக்கே கண் கலங்கியது. அவள் இதுவரை எழுதியதிலேயே நல்ல அத்தியாயம் அதுதான். முகம் கழுவக் கீழே இறங்கினாள்.

வாசல் கதவுக்கு உள்பக்கம், செருப்பு விடும் இடத்துப் படியில், கோட்டும் ஷூவும் போட்டபடி கென்சாக்கு உட்கார்ந்திருந்தார். கையில் பாதி கடித்த சோற்றுருண்டை. சத்தம் கேட்டுவிடுமோ என்று பயந்து பயந்து மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் குடை, சொட்டு ஈரமில்லை.

"என்னங்க இது!"

திருட்டுப் பூனை மாதிரி விழித்தார். "பார்க்ல பெஞ்செல்லாம் நனைஞ்சு கெடக்கு. லைப்ரரில என்னை மாதிரி கெழவனுங்க கூட்டம், உக்கார எடமில்ல."

"எத்தன நாளா இப்படி?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து. தும்மல் வந்தாக்கூட அடக்கிக்கிட்டேன் நோரியே. கோச்சுக்காத, இதோ கிளம்பறேன்."

எழுந்தவரின் கையைப் பிடித்தாள். சில்லிட்டுக் கிடந்தது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஒண்ணும் கிளம்ப வேணாம். ஷூவக் கழட்டுங்க."

"அப்ப உன் நாவல்? அவங்க பேசணுமே?"

"பேசிட்டாங்க." நோரியே குனிந்து அவர் ஷூ நாடாவைத் தானே அவிழ்த்தாள். "நீங்க இங்க உக்காந்திருந்தப்பதாங்க எல்லாத்தையும் பேசினாங்க."