சனிக்கிழமை நாராயணீயம்

மூன்று வருஷம் நான் வாய் கூசாமல் பொய் சொன்னேன். சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதரை மணிக்குத் துணிப்பையும் கையுமாக வலியசாலைத் தெருவில் இறங்குவேன். எதிர்வீட்டு சரசம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "எங்கயாக்கும் மாமி?" என்பாள். "நாராயணீயம் க்ளாஸ்" என்பேன். பைக்குள் இருந்ததெல்லாம் பி.ஏ. சரித்திரப் பாடம். தபால் வழிப் படிப்பு. சனிக்கிழமை மட்டும் பாளையத்தில் நேர் வகுப்பு.

சரசம்மா லேசுப்பட்டவளில்லை. "இப்போ எத்தனாவது தசகம்?" என்று வாரா வாரம் விசாரிப்பாள். ஒருநாள் நடுத்தெருவிலேயே ரெண்டு சுலோகம் சொல்லச் சொன்னாள். ஆகவே மொகலாயர்களோடு சேர்த்து நாராயணீயத்தில் மூன்று தசகத்தையும், அதாவது முப்பது சொச்சம் சுலோகத்தை, நான் நெட்டுருப் போட வேண்டியதாயிற்று. பொய்க்கும் சிலபஸ் உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பொய் என் சொந்தச் சரக்கில்லை. என் அகத்துக்காரர் பட்டாபி சொல்லிக்கொடுத்தது. தொண்ணூற்றாறில், என் நாற்பத்து நாலாவது வயதில், திரும்ப முதல் வருஷத்திலிருந்து படிக்கிறேன் என்று அவரிடம் கேட்டபோது, "படி, ஆரு வேண்டாங்கறா? ஆனா தெருவிலே மூச்சு விடாதே. தோத்துப் போனா நாணக்கேடு, கேட்டயோ" என்றார். என் மானத்தை எனக்கு முன்னால் அவர் காப்பாற்றுகிறாரே என்று நினைத்து, அன்றைக்கு அவருக்குப் பிடித்த மொளகூட்டல் வைத்தேன். இப்போது நினைத்தால் அந்தத் தேங்காய்கூட வீண்.

எழுபத்திரண்டில் எனக்குக் கல்யாணம். வழுதக்காட்டுப் பெண்கள் காலேஜில் பி.ஏ. இரண்டாம் வருஷம் முடித்திருந்தேன். ஒரு வருஷம் பாக்கி. அப்பா தயங்கியபோது மாப்பிள்ளையே, "கல்யாணம் முடியட்டும், எழுதிக்கலாம்" என்று வாக்குக் கொடுத்தார். கல்யாணம் முடிந்தது. எழுபத்து மூன்றில் கேட்டேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றார். எழுபத்தெட்டில், மீராவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கையோடு கேட்டேன். "இனிமே உனக்கு எந்தினாக்கும் டிகிரி? வேலைக்கா போகப் போறே?" என்றார். வேலைக்காக நான் கேட்கவில்லை. பாதி படித்த புத்தகத்தை யாரோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது மாதிரி ஒரு ஆத்திரம் எனக்குள் இருந்தது. மீதியைப் படித்தால்தான் அது தீரும். அவ்வளவுதான்.

தெருவில் யாருக்காவது இங்கிலீஷில் கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பேங்க் பாரம், பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாம் நான்தான் பூர்த்தி செய்து கொடுப்பேன். "நீங்க படிச்சவங்கல்லா" என்பாள் சரசம்மா. நான் காலேஜுக்குப் போன இரண்டு வருஷத்தைச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொள்வேன். அந்த அரைகுறைப் பெருமையில் ஒரு முள்ளும் இருக்கும்.

படிக்க ஆரம்பித்தபோது என் மகள் மீராதான் எனக்குப் பலம். எம்.எஸ்ஸி. முடித்துக் கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "அம்மா படிக்கட்டும்ப்பா" என்று அவரிடம் எனக்காக வாதாடியவள் அவள்தான். நான் அரைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள். "பானிப்பட் முதல் யுத்தம்?" "ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு." "ரெண்டாவது?" "ஐம்பத்தாறு." "மூணாவது?" அதற்குள் தேங்காய் அரைபட்டிருக்கும். தப்புச் சொன்னால் தலையில் குட்டுவாள். அந்தக் குட்டுக்காகவே சில நாள் தெரிந்ததையும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசி வருஷப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்டுக்காகக் காத்திருந்த ஜூன் மாதம், கரமனையிலிருந்து மீராவைப் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா அம்மிணி மாமி ரிட்டயரான ஸ்கூல் டீச்சர். காபியைக் கையில் வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்களும் வழுதக்காடா? பயோடேட்டாவிலே பார்த்தேன். எழுபத்திமூணு பாஸ்னு போட்டிருந்தது. நான் உங்களுக்கு எட்டு வருஷம் மூப்பு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைத் திறப்பதற்குள் பட்டாபி முந்திக்கொண்டார்.

"ஆமாமாம். ஹிஸ்டரி. ஃபர்ஸ்ட் க்ளாஸ்."

சொல்லும்போது அவர் குரல் பிசகவே இல்லை. முதல் தடவையாகப் பொய் சொல்கிற மனுஷனுக்குக் கொஞ்சமாவது நாக்குக் குழறும். இவருக்கு அது சந்தியாவந்தனம் மாதிரி சரளமாக வந்தது. நான் மீராவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் அது வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அவர்கள் போனதும் பீரோவைத் திறந்து அந்தப் பயோடேட்டாவை எடுத்தேன். கம்ப்யூட்டரில் அடித்த அழகான காகிதம். 'தாயார்: சீதாலக்ஷ்மி, பி.ஏ. (ஹிஸ்டரி), வழுதக்காடு பெண்கள் காலேஜ், 1973.' கீழே தேதி இருந்தது. தபால் படிப்பில் என் இரண்டாம் வருஷப் பரீட்சைக்கு முந்தின வாரம். ராத்திரி எனக்கு பானிப்பட் கேட்டுவிட்டு, பகலில் சென்டரில் உட்கார்ந்து என் மகள் இதை அடித்திருக்கிறாள்.

"என்ன இது?" என்றேன்.

"எதுக்கு இப்போ சாடறே?" என்றார் பட்டாபி. "கல்யாணமான புதுசிலே ஆபீசிலே கேட்டா. எல்லாரோட ஆத்துக்காரியும் டிகிரி. பி.ஏ.ன்னு சொல்லிட்டேன். ஒரு வருஷந்தானே பாக்கி, எப்படியும் நீ எழுதத்தானே போறேன்னு நெனச்சேன்."

"நான்தான் எழுதறேன் எழுதறேன்னு கேட்டேனே!"

"அதுக்குள்ள சொல்லியாச்சே, சீதா! பி.ஏ. பாஸானவ திரும்பியும் பி.ஏ. எழுதப் போனா நாலு பேர் என்ன சொல்லுவா? என்னை என்னன்னு நெனப்பா?"

அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை வாசித்தேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லாததும் இல்லை, வேலைக்குப் போக வேண்டாம் என்பதும் இல்லை. எனக்கு டிகிரி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அதனால்தான் நான் டிகிரி வாங்கக்கூடாது. இருபத்தாறு வருஷம் இந்த மனுஷன் எனக்குச் சொல்லாமல் என்னை பாஸாக்கி வைத்திருந்தார்.

"அப்போ தொண்ணூத்தாறிலே மட்டும் ஏன் சரின்னேள்?"

மீராதான் சொன்னாள்.

"எனக்கு ஜாதகம் எடுக்கற சமயம்மா. அம்மா ரகசியமா எழுதி ஜயிச்சுட்டா அப்பறம் ஆரு கேட்டாலும் பயமில்லேன்னு அப்பா சொன்னா. நீ ஆசைப்பட்டேல்லியா? ரெண்டும் நடக்கட்டுமேன்னு..."

"ரெண்டுமா? உனக்கு எது முக்கியமா இருந்தது?"

"அம்மா, ப்ளீஸ்" என்றாள்.

யாரிடம் கோபப்படுவது? அவர் என்னைத் தடுத்ததும் தன் பொய்க்காக, விட்டதும் தன் பொய்க்காக. ஆனால் அவரிடம் எனக்கு வந்தது வெறும் கோபம். மீராவிடம்தான் மனசு விட்டுப்போயிற்று. அவளுடைய ஒவ்வொரு குட்டையும் எனக்காக என்று எண்ணித் தலையைக் காட்டிக்கொண்டிருந்தேனே.

கரமனைச் சம்பந்தம் நிச்சயமாயிற்று. ஆகஸ்டில் ரிசல்ட் வந்தது. நானே போய்ப் பார்த்தேன். பாஸ். செகண்ட் க்ளாஸ், ஐம்பத்தேழு சதவீதம். பட்டாபி எனக்குக் கொடுத்திருந்த பி.ஏ. என்னுடையதைவிட நல்ல பி.ஏ. ஆனாலும் அந்த ஐம்பத்தேழில் ஒவ்வொரு மார்க்கும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வகுப்பு எடுத்த யோசுவா சார் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் செட்டில் நான்தான் மூத்தவள். அடுத்த சனிக்கிழமை ஒரு சின்ன அனுமோதனக் கூட்டம், பாராட்டு விழாதான், வீட்டிலுள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பத்திரிகைக்காரரும் வருவார் என்றார். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கூட்டம் போட்டதில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வந்த கூட்டம்கூட அவருக்காக வந்ததுதான்.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு பிரித்துக் கிடந்தது. கரமனைக்காரர்கள் தங்கள் பக்கம் 'அம்மிணி, பி.ஏ., பி.டி.' என்று போடச் சொன்னார்களாம். நம் பக்கம் மொட்டையாக இருந்தால் நன்றாக இருக்குமா என்பது பட்டாபியின் கேள்வி. 'சீதாலக்ஷ்மி, பி.ஏ.' தங்க எழுத்து. அச்சுக்குக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் தோற்றிருந்தாலும் இதே தங்க எழுத்துதான்.

"ஜயிச்சாச்சு" என்றேன்.

"ஹாவூ, ஆசுவாசமாச்சு!" என்றார் பட்டாபி. மீரா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "பார்த்தயா அம்மா, இப்போ எல்லாம் நெஜமாயிடுத்து!"

எத்தனை மார்க் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. மூன்று வருஷம் என்னைக் கேள்வியாகக் கேட்டுத் தள்ளியவளுக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை.

அனுமோதனக் கூட்டத்தையும் அதற்கு வரப்போகும் நியூஸ் பேப்பர்காரரையும் பற்றிச் சொன்னேன். பட்டாபியின் முகம் கறுத்தது. "பத்ரத்திலே போட்டோவா? 'நாற்பத்தேழு வயசிலே பி.ஏ.'ன்னு போடுவா. அம்மிணி மாமி பத்ரம் வாசிக்க மாட்டாளா? கல்யாணம் முடியட்டும், சீதா. அப்பறம் பார்த்துக்கலாம்."

கல்யாணம் முடியட்டும். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே வார்த்தை. அன்றைக்கு என் கல்யாணம், இன்றைக்கு என் பெண்ணுடையது. மீரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகம்மா" என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை குளித்து, நல்ல பட்டுப் புடவையாகக் கட்டிக்கொண்டேன். துணிப்பையில் மார்க் லிஸ்டை வைத்தேன். பட்டாபி ஹாலில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். மீரா ரூமை விட்டு வெளியே வரவில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும், இன்றைக்கு இந்தத் தெருவில் ஒருத்தரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவது என்று தீர்மானித்திருந்தேன்.

சரசம்மா வழக்கம்போல கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மாமி, பட்டெல்லாம்? நாராயணீயம் இன்னைக்குச் சமாப்தியா?"

"நாராயணீயமெல்லாம் இல்லை, சரசம்மா. நான் பி.ஏ. பாஸாயிருக்கேன்."

சொல்லும்போதே எனக்குக் குரல் பிசகிற்று. சரசம்மா கேட்டை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அது தெரியுமே" என்றாள். "மாமா பண்டே சொல்லியிருக்காருல்லா. நாங்க இந்தத் தெருவுக்கு வந்த அன்னைக்கே சொன்னாரு. இல்லாட்டி எம் பயலோட அப்ளிகேஷனை எல்லாம் உங்ககிட்டக் கொண்டு வருவனா?"

"அது பொய். இப்பத்தான் பாஸானேன். இந்த மாசம்."

"ஓ, எம்.ஏ.வா! அப்படிச் சொல்லுங்க."

"எம்.ஏ. இல்லை. பி.ஏ.தான். இப்பத்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மகளுக்குக் கல்யாணம்னதும் மாமிக்குத் தமாசு கூடிப்போச்சு!"

நான் பையிலிருந்து மார்க் லிஸ்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். தேதி இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு இங்கிலீஷ் எங்க தெரியும் மாமி? நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க. நீங்கல்லா படிச்சவங்க."