ஆயிரத்துக்கும் ஆயிரத்து இருபத்து நான்குக்கும் இடையில்

1

இந்தக் கதை என் மகளின் கலியாண வீடியோவிலிருந்து வந்தது. இதைவிட மதிப்பான இடத்திலிருந்து வந்ததாகச் சொல்லலாம்தான். ஆனால் எனக்குப் பொய் சொல்ல வராது.* தாலி கட்டும் காட்சியில் மணவறைக்குப் பக்கத்தில் நான் நிற்கிறேன். பதினெட்டு வருடமாக என் நிழல் எனக்குப் பின்னால், சுவரில், ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. போன ஆடியில் அதே வீடியோவைப் பார்த்தபோது நிழல் எனக்கு முன்னால் விழுந்து, கமராவை நோக்கி நீண்டு கிடந்தது.

(* என்னைத் தெரிந்தவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம்.)

படம் எடுத்தவன் சுன்னாகம் குகதாசன். கதையும் அவனுடையதுதான். நான் ஓரமாக நிற்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் குகதாசன் தன் ஸ்ரூடியோவை—

(வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

தொடக்கம் இரண்டு: செத்துப்போன மனைவி பத்மாவதியின் முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கு நினைவுமலர் அடிக்க ஒரு படம் தேவைப்பட்டது. ஊரின் கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு எல்லாவற்றையும் முப்பது வருடமாகப் பிடித்து வைத்திருந்த குகதாசனிடம் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. அவர்களுடைய கலியாண அல்பம் இடம்பெயர்வில் போய்விட்டது. அடையாள அட்டையில் பத்மாவதியின் முகம் இருந்தது, பத்மாவதி இல்லை. எல்லா வீட்டிலும் அவள்தான் கமராவுக்குப் பின்னால் நின்று லைற் பிடித்தவள். “பத்மா, தூக்கிப் பிடி” என்று அவன் குரல் மட்டும் எல்லாப் பதிவிலும் இருந்தது. உடனே மணமக்களின் முகத்தில் வெளிச்சம் ஏறும். அவ்வளவுதான் அவள்.

அவள் ஒருதரம் திரும்பிப் பார்ப்பதை அவன் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

(ஒருதரம் எழுதியபோது அவளைச் சாகவிடாமல் கனடாவுக்கு அனுப்பிப் பார்த்தேன். நிழல்கள் அப்போதும் திரும்பின. ஆகவே செலவை மிச்சம் பிடித்தேன்.)

3

பழைய கசெற்றுகளையெல்லாம் ஒன்றாக்கித் தேடுவதற்காக அவன் ஒரு டெராபைற் டிஸ்க் வாங்கினான். கொம்பியூட்டர் தொள்ளாயிரத்து முப்பத்தொரு கிகாபைற் என்றது. டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, விற்ற றொசாந்தியிடம் போனான்.

“பிள்ளை, மிச்சம் எங்கை?”

“மிச்சம் எண்டு ஒண்டுமில்லை அண்ணை. டிஸ்க் செய்யிறவன் ஆயிரம் ஆயிரமாப் பெருக்கிறான். கொம்பியூட்டர் ஆயிரத்து இருபத்து நாலாலை பிரிக்குது. உங்கடை காணி உறுதியிலை நெல்லுப் பரப்பு, வரகுப் பரப்பு எண்டு இருக்கெல்லோ? பேர் ஒண்டு, அளவு வேறை. உதுவும் அப்பிடித்தான்.”

“அப்ப பெரிசா வாங்கினால் குறையாதோ?”

“கூடக் குறையும். கிகாவிலை நூற்றுக்கு ஏழு, டெராவிலை ஒன்பது, பெற்றாபைற்றிலை பதினொண்டு. அலகு பெருக்கப் பெருக்க இடைவெளியும் பெருக்கும்.”

குகதாசன் டிஸ்க்கைக் காதோடு வைத்துப் பார்த்தான்.

“பிள்ளை, காணி குறைஞ்சால் எல்லையிலை ஆரோ நிக்கினம் எண்டு அர்த்தம்.”

“அண்ணைக்கு விசர்” என்றாள் றொசாந்தி. ஆனால் இரண்டாவது டிஸ்க்கையும் விற்றாள்.

4

(எழுதியிருந்தேன். கொம்பியூட்டர் மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகிறது. றொசாந்தியைக் கேட்டதற்கு, “ஐயா எழுதின அளவு வேறை, அது எண்ணுற அளவு வேறை” என்றாள். அந்தப் பகுதியில் பத்மாவதி ஒரேயொரு வசனம் பேசியிருந்தாள். அது மட்டும் எனக்கு ஞாபகம் வருகுதில்லை.)

5

அவனுடைய கணக்கு எளியது. ஒரு டெராபைற்றின் குறையில் ஒரு கை நுழையலாம். பெற்றாபைற்றின் குறையில் ஆளே நிற்கலாம். வெங்காயக் கொட்டிலைக் காலியாக்கி டிஸ்க்குகளை அடுக்கினான். வெங்காயம் தொங்கிய இடமெல்லாம் வயர் தொங்கியது.

அடுக்கு உயர உயர வீடியோக்களில் நிழல்கள் நகர்ந்தன. முதலில் சுவரிலிருந்து இறங்கின. பிறகு பக்கவாட்டில் படுத்தன. ஒரு மத்தியானம், எல்லா வீட்டிலும், எல்லாருடைய நிழலும் முன்னால் வந்து விழுந்தது. அதாவது, லைற் பிடித்தவள் கமராவுக்குப் பின்னாலிருந்து நடந்து, மணமக்களைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் நிற்கிறாள். “தூக்கிப் பிடி” என்று அவன் குரல் சொல்வதற்கு முன்பே வெளிச்சம் உயர்ந்தது.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். என் நிழலை அப்போதுதான் கண்டேன்.

“நிக்கிறாள் அண்ணை. ஆனால் லைற் எங்களைப் பாத்து அடிக்குது. வெளிச்சத்துக்குப் பின்னாலை முகம் தெரியேல்லை.”

“நிப்பாட்டச் சொல்லன்.”

“நிப்பாட்டினால் இருட்டெல்லோ?”

6

இங்கே இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவன் லைற்றைக் கீழே பதிக்கச் சொல்கிறான். சொன்னதை என்றைக்கும் கேட்டவள் பதிக்கிறாள். இருட்டில் அவள் நிற்கிறாள். மற்றதில் அவன் வாயே திறக்கவில்லை. வெளிச்சத்தில் அவள் நிற்கிறாள். இரண்டிலும் அவனுக்கு முகம் இல்லை.

குகதாசன் இரண்டையும் ஏற்கவில்லை. திரையோடு முகத்தை ஒட்டி, முப்பது வருடத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னான்:

“கை உளையுமெல்லோ, பத்மா. போதும், வை. நான் பிடிக்கிறன்.”

அடுத்த நாள் போனேன். செருப்பு வாசலில் இருந்தது. ஆள் இல்லை. றொசாந்தி வந்து என் மகளின் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். என் நிழல் சுவருக்குத் திரும்பியிருந்தது. மணவறை ஓரத்தில் ஒருத்தி வலது தோளை நீவிக்கொண்டு, திரும்பி, வெளிச்சத்தைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். கெட்டிமேளத்தில் கேட்கவில்லை. நாலாம் பகுதி இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

வெளிச்சம் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. பழகாத கை.

அவனை வெளியே எடுக்க வழி ஒன்றுதான்: யாராவது அவன் சொன்ன அந்த வசனத்தை அவனுக்குச் சொல்லி, லைற்றைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். எடுப்பதா, பார்த்துக்கொண்டே நிற்கட்டும் என்று விடுவதா என்பதை உங்களிடம் விடுகிறேன். எழுதும்போது நான் கவனமாக வாயை மூடிக்கொண்டுதான் எழுதினேன்.

நீங்கள் அதை வாய்விட்டு வாசிக்கவில்லைத்தானே?